எழுதாத குரல்

இசையமைப்பாளர் பாக்கின் படம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்தச் சுருள் பொய்முடி, கொழுத்த தாடை, கடன் வாங்கியவனைக் கடைத்தெருவில் கண்டுபிடித்துவிட்டது போன்ற ஒரு பார்வை. 1746-இல் எலியாஸ் காட்லோப் ஹவுஸ்மான் என்ற ஓவியர் தீட்டியது. முகத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு வலது கையைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம். அதில் மூன்று வரி இசைக்குறி. தான் படிக்க வசதியாக அவர் அதைப் பிடித்திருக்கவில்லை, நாம் படிக்க வசதியாகப் பிடித்திருக்கிறார். தலைப்பு, ஆறு குரல்களுக்கான கேனன் என்று சொல்கிறது. எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் தேறும்.

கேனன் என்பது ஒரு குரல் முன்னே போக, அதே வரியை இன்னொரு குரல் சற்றுத் தாமதித்துப் பாடிக்கொண்டே பின்தொடர்வது. மீதி மூன்று குரல்களும் எழுதிய மூன்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு வரியையும் தண்ணீரில் தெரியும் கோபுரம் போலத் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும்: ஏறும் இடத்தில் இறக்கம், இறங்கும் இடத்தில் ஏற்றம். அப்படிக் கவிழ்த்ததைக் கொஞ்சம் தள்ளித் தொடங்கினால் மூன்று ஆறாகிறது. ஆறும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகின்றன. தன் முகத்தை உலகத்துக்கு விட்டுப்போகிற வேளையில் கையில் ஒரு விடுகதையோடு உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

(அவர் பெயரின் எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டினால் 14 வருகிறது, கோட்டுப் பொத்தான்களும் 14 என்று மெய்சிலிர்ப்பவர்கள் உண்டு. எனக்கு இந்த எண்கணித ஜோசியத்தில் நாட்டமில்லை. விடுகதையே போதும்.)

இவரை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிற எனக்கு ஒரு எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. இந்த ஆள் பாதியை எழுதிவிட்டு, மீதியை நம் காதின் பொறுப்பில் விட்டுவிடுகிறவர். அவர் எதை விட்டுவைத்தார், எந்த இடத்தில் விட்டுவைத்தார் என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி.

வயலினில் தொடங்கலாம். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒற்றை வயலினுக்கு அவர் இயற்றிய ஆறு உருப்படிகளின் நகல், அவர் கையாலேயே அழகாக எழுதப்பட்டு, 1720 என்ற ஆண்டோடு கிடைத்திருக்கிறது. இசைக்குறிகள் எல்லாம் காற்றில் சாயும் நெற்பயிர் மாதிரி ஒரு பக்கமாக வளைந்து போகும். சுரம் தெரியாதவர்கூட அந்தப் பக்கங்களைச் சித்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். முகப்பில் இத்தாலிய மொழியில் ஒரு தலைப்பு. 'ஆறு தனி உருப்படிகள்' என்பதுதான் அவர் சொல்ல வந்தது. பன்மை விகுதி போட வேண்டிய இடத்தில் ஒருமை விழுந்திருக்கிறது. அதனால் இத்தாலியர் படித்தால் 'நீ தனியாக இருக்கிறாய்' என்று பொருள் வருகிறது. அதே 1720-இல் கோத்தன் சிற்றரசர் லியோபோல்டோடு கார்ல்ஸ்பாட் ஊற்றுக்குப் போயிருந்த பாக், வீடு திரும்பியபோது மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் ஆகிவிட்டிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கண்ணீர் விட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தாலி அவருக்குத் தாய்மொழி இல்லை. ஒரு எழுத்து பிசகியிருக்கலாம். நான் அந்தத் தலைப்பில் நின்று பார்ப்பது அடுத்த சொற்களை: 'பேஸ் துணை இல்லாமல்'.

பேஸ் என்கிற அடிக்குரல் பரோக் கால இசைக்கு அஸ்திவாரம். மேலே யார் என்ன பாடினாலும் கீழே ஒரு செல்லோவும் ஹார்ப்சிகார்டோ ஆர்கனோ ஒன்றும் இழுத்துக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும் என்பது அன்றைய நம்பிக்கை. பாக் அதை எடுத்துவிட்டேன் என்று தலைப்பிலேயே சொல்கிறார். உள்ளே போனால் அடிக்குரல் கேட்கிறது.

எப்படி? வயலினின் பாலம் வளைந்தது. வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளைத் தொடலாம். அழுத்தினால் மூன்றாவது ஒரு கணம் ஒட்டும். நான்கும் சேர்ந்து நிற்காது. ஆகவே நான்கு சுர அடுக்கு எழுதியிருந்தால் வாசிப்பவர் கீழ்ச் சுரங்களைத் தொட்டுவிட்டு மேலே தாவிவிட வேண்டும். தொட்ட மாத்திரத்தில் கீழ்ச் சுரம் ஓய்ந்துவிட்டது. ஆனால் காது அதை விடுவதில்லை. அடுத்த கீழ்ச் சுரம் வரும்வரை பிடித்து வைத்துக்கொண்டே இருக்கிறது. விடிகாலையில் வாசலில் புள்ளி வைத்துவிட்டு ஒருத்தி உள்ளே போய்விட்டாலும், பார்க்கிறவர் கண் இழை போட்டுவிடுகிறதே, அப்படி. பாக் வைப்பது புள்ளி. கோலம் நம்முடையது.

செல்லோவுக்கான ஆறு தொகுப்புகளில் முதலாவதின் முன்னிசையைக் கேட்காதவர் இருக்க முடியாது. எத்தனையோ விளம்பரங்களில், படங்களில் வந்து தேய்ந்துபோயிருக்கிறது. தேய்ந்ததை மறந்துவிட்டு முதல் நான்கு தாளக்கட்டுகளை மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு அரைக் கட்டின் தொடக்கத்திலும் அதே அடிச் சுரம் ஒருமுறை தொடப்படுகிறது. மேலே சேர்க்கை மாறிக்கொண்டே போகிறது. கீழே அது அசைவதில்லை. தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது புதிதே இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: தம்புராவைப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து மீட்ட வேண்டும். இங்கே பாடகரே ஓடி ஓடிப் போய் அதையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருகிறார்.

இந்தத் தொகுப்புகளின் மூலப்படி தொலைந்துவிட்டது. இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகல் இருக்கிறது. அவள் எழுத்து கணவரின் எழுத்தைப் போலவே இருக்கும். நீண்ட காலம் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றை மற்றதென்று மயங்கினார்கள். ஆனால் வில்லை எங்கே இழுத்துச் சேர்க்க வேண்டும் என்று காட்டும் வளைகோடுகளை அவசரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போட்டுவிட்டாள் போலும். செல்லோக்காரர்கள் இன்றுவரை அதை வைத்துச் சண்டை போடுகிறார்கள். பாப்லோ காசல்ஸ் 13 வயதில் பார்சலோனா துறைமுகத்தை ஒட்டிய பழைய இசைத்தாள் கடையொன்றில் இதன் அச்சுப்படியைக் கண்டெடுத்தார். மேடையில் வாசிக்கத் துணிய அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது. அதுவரை இவை பாடம் எடுக்கப் பயன்படும் சாதகப் பயிற்சிகள் என்றுதான் பொதுவாக நினைப்பு.

ஐந்தாவது தொகுப்பின் சாராபாந்து என்ற மெதுநடைப் பகுதியில் இந்தச் சிக்கனம் உச்சத்துக்குப் போகிறது. மற்ற ஐந்து சாராபாந்துகளிலும் அடுக்குச் சுரங்கள் உண்டு. இதில் ஒன்றுகூடக் கிடையாது. தனித்தனிச் சுரமாக, விட்டு விட்டு, ஆளில்லாத வீட்டில் யாரோ நடக்கிற மாதிரி. புள்ளிகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி விட்டால் காது எதைப் பிடித்துக்கொண்டு இழை போடும் என்று தோன்றும். போடுகிறது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் வயலினுக்கான மூன்றாவது பார்ட்டிட்டா என்ற நடனத் தொகுப்பின் முன்னிசை. மூச்சு விடாத ஓட்டம். அதில் ஓரிடத்தில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஒரு தடவை விரல் வைக்காத திறந்த தந்தியிலிருந்து, மறு தடவை விரல் அழுத்திய பக்கத்துத் தந்தியிலிருந்து. சுருதி ஒன்றுதான். திறந்த தந்தியில் பித்தளை மினுக்கு, அழுத்தியதில் மர வாசனை. சுரம் மாறாமல் நிறம் மட்டும் மாறி மாறி மின்னும்போது ஒரு வயலின் இரண்டாகிவிட்டதோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

இதே முன்னிசையை 1731-இல் லைப்சிக் நகரமன்றத் தேர்தல் ஆராதனைக்கான காண்டாட்டா என்ற கோயில் இசைக்கோவைக்கு பாக் மறுபடி எடுத்தார். வயலின் வரி ஆர்கனுக்குப் போனது. சுற்றிலும் டிரம்பெட், முரசு, தந்திகள். ஒற்றை வயலினைக் கேட்கையில் நம் காது நிரப்பிக்கொண்டதையெல்லாம் அவரே எழுதிக் காட்டிவிட்டார். பகட்டாக இருக்கிறது. எனக்கு வயலின்தான் பிடிக்கும்.

அதே முன்னிசையைச் சென்னையில் ஒருவர் நிரப்பிப் பார்த்தார். இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பு தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கை. அதில் ஒரு உருப்படியின் பெயரே 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்று பொருள்படும். வி. எஸ். நரசிம்மனின் வயலின் அந்த முன்னிசையில் ஓட, ராஜா தன் குரல்களைச் சுற்றிலும் நுழைக்கிறார். என் தலைமுறையில் பலர் பாக்கை முதலில் கேட்டது இந்த கேசட்டில்தான். எது யாருடையது என்று தெரியாமலே கேட்டோம். பாக் விட்டுவைத்த இடைவெளிகளுக்குள் நம்மூர்க்காரர் ஒருவர் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது வெகுநாள் கழித்து.

இனி சகோன். ஒற்றை வயலினுக்கான இரண்டாவது பார்ட்டிட்டாவின் கடைசிப் பகுதி. நான்கு தாளக்கட்டு நீளமுள்ள ஒரு சின்ன அடிநடை. அதன் மேல் மாறுதல் மாறுதலாக 250 கட்டுகளுக்கு மேல், கால் மணி நேரம். நடுவில் சோகச் சாயல் விலகி மேஜருக்கு மாறும் இடம் வருகிறது. சத்தமாக வராது, அழுது ஓய்ந்த வீட்டில் யாரோ விளக்கேற்றுகிற மாதிரி, கீழ் ஸ்தாயியில், அடங்கின குரலில். பிறகு அந்த வெளிச்சம் வளர்ந்து ஒரே சுரத்தைத் தட்டித் தட்டி எக்காளம் மாதிரி ஆகி, நாம் நம்பத் தொடங்கும்போது திரும்ப மைனர். அந்தத் திருப்பம் ஒரே ஒரு கட்டில் நடக்கிறது.

சகோனைப் பலர் பலவாறு 'முழுமையாக்கி' இருக்கிறார்கள். ஷூமான் பியானோ துணை எழுதினார். புசோனி முழுப் பியானோவுக்குப் பெருக்கினார். எனக்குப் பிராம்ஸ் செய்ததுதான் சரியென்று படுகிறது. அவரும் பியானோவுக்கு மாற்றினார், ஆனால் இடது கைக்கு மட்டும். ஒற்றைக் கையால் தாவித் தாவி வாசித்தால்தான் அந்த வயலின்காரனின் திண்டாட்டத்தில் ஒரு பங்காவது தனக்குக் கிடைக்கிறது என்று 1877-இல் கிளாரா ஷூமானுக்கு எழுதினார். இல்லாததைச் சேர்த்தால் இந்த இசை குறையும் என்று கண்டுகொண்டவர்.

இவ்வளவு எழுதிய மனிதரின் வாழ்க்கையில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 1685-இல் ஐசெனாக் என்ற ஊரில் நகரமன்ற வாத்தியக்காரர் வீட்டில் பிறப்பு. பத்து வயதுக்குள் தாய் தந்தை இருவரும் போய், ஓர்ட்ரூஃபில் அண்ணன் வீட்டில் வளர்ப்பு. அண்ணன் பூட்டி வைத்த இசைத்தாள்களைக் கம்பிக் கதவு வழியாகச் சுருட்டி எடுத்து நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் நகல் எடுத்தான் என்றும், எடுத்ததை அண்ணன் பிடுங்கிக்கொண்டார் என்றும் பிற்பாடு வந்த இரங்கல் குறிப்பு சொல்கிறது. இருபது வயதில் புக்ஸ்டஹூடெயின் ஆர்கன் வாசிப்பைக் கேட்க ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக்கிற்கு நடந்தே போனார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நாலு வார விடுப்பு கேட்டுவிட்டு நாலு மாதம் கழித்துத் திரும்பினார். 1717-இல் வைமார் கோமகனிடம் வேலையை விட்டுப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்ததற்கு ஏறக்குறைய ஒரு மாதம் சிறை. 1723 முதல் சாகும்வரை லைப்சிக் தோமா பள்ளியில் இசைத் தலைமை. அதற்கும் மன்றத்தார் முதலில் கேட்டது டெலிமானை, பிறகு கிராப்னரை. இருவரும் வர முடியாமல் போனதால் இவர்.

அங்கிருந்து 1730-இல் பழைய பள்ளித் தோழர் ஏர்ட்மானுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. சம்பளத்தில் சாவு வீட்டு வரும்படியும் ஒரு பகுதி. போன வருஷம் காற்று ஆரோக்கியமாக இருந்துவிட்டதால் சாவு குறைந்து 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்று புலம்புகிறார். வயிற்றுப்பாட்டுக் கணக்கு எழுதிய அதே கைதான் அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1727-இல், மத்தேயு சுவிசேஷத்தின்படி பாடுகளை எழுதியது.

மூன்று மணி நேரத்துக்கு அருகில் ஓடும் அந்தப் படைப்பில் மூன்று இடங்களைச் சொல்கிறேன். மூன்றும் இல்லாமையால் பேசுபவை.

கடைசிப் பந்தி. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்கிறார் இயேசு. சீடர்கள் பதறி, ஆண்டவரே நானா, நானா என்று கேட்கிறார்கள். பாடகர் குழு குரல் மேல் குரல் விழ அதைப் பாடும்; சில நொடியில் முடிந்துவிடும். அந்தக் கலவரத்துக்குள் 'ஆண்டவரே' என்ற விளி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணியிருக்கிறார்கள். நானும் இசைத்தாளை வைத்துக்கொண்டு விரல் மடக்கினேன். பதினொன்று. சீடர்கள் பன்னிரண்டு பேர். யூதாஸ் கேட்கவில்லை, அவன் அப்புறம் தனியாகக் கேட்பான். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எவராலும் ஒரு கேட்பில் இதை எண்ணிவிட முடியாது. எண்ண வேண்டும் என்று பாக் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. அதைவிட நயம் அடுத்த நொடி. கேள்விக்கு இயேசு பதில் சொல்வதற்குள் நாடகத்தை நிறுத்திவிட்டு, சபையாருக்குத் தெரிந்த பழைய ஞானப்பாட்டு மெட்டு ஒன்று எழும்புகிறது. அது பாடுவது: நான்தான் அது. விட்டுப்போன பன்னிரண்டாவது குரல் மேடையில் இல்லை, கோயில் பெஞ்சில் இருக்கிறது.

இரண்டாவது, விசாரணை. இவன் என்ன பொல்லாப்புச் செய்தான் என்று பிலாத்து கேட்கிறான். கூட்டம் பதிலுக்குச் சிலுவை என்று கத்த வேண்டும். ஆனால் நடுவில் ஒரு பெண்குரல் புகுந்து, அன்பினால் சாகப்போகிறார் என்று பாடுகிறது. துணைக்கு ஒரு புல்லாங்குழல், வேட்டை ஓபோ எனப்படும் வளைந்த ஓபோ இரண்டு. அவ்வளவுதான். தந்திகள் இல்லை, ஆர்கன் இல்லை, செல்லோ இல்லை. பேஸ் இல்லை. அத்தனை பெரிய படைப்பில், இரண்டு பாடகர் குழு, இரண்டு வாத்தியக் குழு வைத்திருக்கும் மனிதர், இந்தப் பாட்டுக்குக் காலுக்குக் கீழே தரையை எடுத்துவிட்டார். வயலின் உருப்படிகளில் பேஸ் இல்லாமலே பேஸைக் கேட்க வைத்தவர், இங்கே நிஜமாகவே ஒன்றும் கேட்காமல் செய்கிறார். குழல் தனியாக மிதந்து, நின்று, மறுபடி மிதக்கிறது. உலகத்தில் இதைத் தாங்க யாருமில்லை என்ற உணர்வை வார்த்தையில் எழுதத் தேவை வரவில்லை. பாட்டு முடிந்த மறுகணம் கூட்டத்தின் கூச்சல், முன்பு வந்ததைவிட ஒரு முழுச் சுரம் ஏறி, அடியில் முழுப் பாரத்தோடு இறங்குகிறது. வயிற்றில் விழுகிற அடி அது.

மூன்றாவது எல்லோரும் சொல்வதுதான். ஆனாலும் சொல்லாமல் போக முடியாது. சுவிசேஷகர் கதை சொல்லும்போது அடியில் ஆர்கனும் செல்லோவும் மட்டும் தொட்டுத் தொட்டுப் போகும். இயேசு பேசும்போதெல்லாம் நீண்ட தந்தி ஒலி சூழ்ந்துகொள்ளும். சித்திரத்தில் தலைக்குப் பின்னால் போடும் ஒளிவட்டம் மாதிரி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதற்குப் பழகிவிடுகிறோம். பழகியதே தெரியாது. சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அரமேயத்தில் கதறும் அந்த ஒரே இடத்தில் தந்திகள் வரவில்லை. ஒளிவட்டம் அணைந்துவிட்டது. சுவிசேஷகர் அதே இசைவரியை மேலே உயர்த்தி, கேட்போர் மொழியில் பெயர்த்துப் பாடுகிறார். அவருக்கும் இயேசுவுக்கும் இப்போது துணையில் வித்தியாசமில்லை. எழுதியிருந்தால் நாலு வரித் தந்திக் குறிப்பு. எழுதாமல் விட்ட வெற்று இடம் அது.

அதன் பின் உயிர் போகிறது; உடனே ஒரு ஞானப்பாட்டு. இதே மெட்டு அன்று ஏற்கெனவே நாலு தடவை வந்துவிட்டது. 1601-இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் போட்ட காதல் பாட்டு மெட்டு. பிறகு கோயிலுக்குள் வந்து குருசின் பாட்டாகிவிட்டது. ஐந்து தடவையும் மேல்மெட்டு அதேதான். அடியில் மற்ற மூன்று குரல்களும் போகிற வழி மாறுகிறது. ஐந்தாவது தடவை அந்த வழி அரைச் சுரம் அரைச் சுரமாக இடறுகிறது. தெரிந்த வீட்டுக்குள் இருட்டில் கைவைத்துத் தடவி நடப்பதைப் போல. இந்த மெட்டைத் தெரிந்துகொள்ள லைப்சிக் போக வேண்டியதில்லை. பெரிய வெள்ளியன்று தமிழ்நாட்டு லுத்தரன் கோயில்களில் ஞானப்பாட்டாகத் தமிழில் பாடுகிறார்கள். சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது பாக் ஆர்ன்ஸ்டாட்டில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் அறியமாட்டார்கள், ஆனால் இருவர் பெட்டியிலும் அந்தச் சபையின் பாட்டுகள் இருந்தன. பாக் அடியில் சேர்த்த அந்த மூன்று குரல்கள் இங்கே பல கோயில்களில் கிடையாது. மெட்டு மட்டும், மெதுவாக, எல்லோரும் ஒரே குரலில். பாக்கைக் கேட்டுவிட்டு அதைக் கேட்டால் மற்ற மூன்றும் தாமாக ஒலிக்கத் தொடங்கிவிடும்.

1736-இல் இந்தப் படைப்பை முழுதும் புதிதாகப் படியெடுத்தார். வேத வாக்கியங்களைச் சிவப்பு மசியில் எழுதினார். பின்னாளில் தாள்கள் எப்படியோ சேதமாயின. கிழிந்த ஓரங்களில் காகிதப் பட்டை ஒட்டி, போன சுரங்களைத் தன் முதிய கையெழுத்தில் நிரப்பி வைத்திருக்கிறார். அச்சேறும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. அடுத்த பெரிய வெள்ளிக்கு வேண்டும், அவ்வளவே.

1750 ஜூலை 28-இல் அவர் இறந்தார். அதற்குச் சில மாதம் முன்பு ஊர் ஊராகச் சுற்றிய ஆங்கிலேயக் கண் வைத்தியர் ஜான் டெய்லர் இரண்டு முறை கண்ணில் கத்தி வைத்திருந்தார், பார்வை திரும்பவில்லை. பின்னால் ஹேண்டலின் கண்ணையும் தொட்டவர் இதே டெய்லர்தான். அன்னா மக்தலேனா பத்தாண்டு கழித்து நகரத்தின் தருமப் பணத்தில் வாழ்ந்து இறந்தாள். தாள்கள் பிள்ளைகளுக்குள் பிரிந்தன. மூத்தவன் பங்கில் பெரும்பகுதி சிதறிப்போயிற்று. இரங்கல் குறிப்பு ஐந்து 'பாடுகள்' இயற்றினார் என்கிறது. இசையோடு முழுதாக நம் கைக்கு வந்தவை இரண்டு.

உலகம் அவரை மறந்து, 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் இருபது வயது மெண்டல்ஸோன் 'பாடுகளை' மேடையேற்றியபோதுதான் நினைத்துக்கொண்டது என்று சொல்வது வழக்கம். பொதுமக்களைப் பொறுத்தவரை சரி. வித்வான்கள் கை மாற்றிக் கை மாற்றி அவரைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். சிறுவன் பேட்ஹோவன் அவருடைய முன்னிசை–ஃபியூக் தொகுப்பில்தான் விரல் பழகினான். எனக்குப் பிடித்தது மோட்சார்ட் கதை. 1789-இல் லைப்சிக் வந்த மோட்சார்ட், தோமா பள்ளிப் பையன்கள் பாடிய பாக்கின் எண்குரல் பாட்டு ஒன்றைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இசைத்தாளைக் கேட்டார். எல்லாக் குரலும் சேர்ந்த முழுத்தாள் இல்லை. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனித் தாள்தான் இருந்தது. அவற்றை வாங்கிக் கையிலும் முழங்காலிலும் பக்கத்து நாற்காலிகளிலும் பரப்பிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை என்று ரோக்லிட்ஸ் என்ற எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். கொஞ்சம் கதை கட்டுகிற ஆள் ரோக்லிட்ஸ். இருந்தாலும் பாக்கைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான உட்காரும் முறை எனக்குத் தெரியாது.

கோல்ட்பெர்க் மாறுதல்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்; இங்கே ஒரு வார்த்தை. 1741-இல் அச்சான இந்தப் படைப்பு ஒரு அழகான பாட்டோடு தொடங்குகிறது. பின்னால் வரும் முப்பது மாறுதல்களும் அந்தப் பாட்டின் மெட்டை எடுப்பதில்லை. அடியில் அடக்கமாகப் போன பேஸை எடுத்துக்கொண்டு ஆடுகின்றன. ஒரு மணி நேரம் கழித்து அதே பாட்டு ஒரு சுரம்கூட மாறாமல் திரும்பி வருகிறது. மாறாதது மாறியதாக ஒலிக்கும். அவர் தன் சொந்த அச்சுப்படியின் கடைசிப் பக்கத்தில் அந்த பேஸின் முதல் எட்டுச் சுரங்களை வைத்து இன்னும் பதினான்கு கேனன்களைப் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தது 1974-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் கிடைத்தது. அவற்றில் ஒன்றுதான் ஓவியத்தில் அவர் கையில் இருக்கும் காகிதம்.

கடைசியாக, 'ஃபியூக் கலை'. ஃபியூக்கில் ஒரு குரல் தனியாக ஒரு சின்ன வரியைச் சொல்லும், இரண்டாவது குரல் அதை எடுக்கும், மூன்றாவது, நான்காவது, பிறகு எல்லாரும் அதையே திருப்பி, நீட்டி, குறுக்கிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தத் தொகுதி முழுவதுக்கும் ஒரே மூலவரி, பன்னிரண்டு சுரம். எந்த வாத்தியத்தில் வாசிக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அதுவும் நம் பொறுப்பு.

தொகுதியில் நிறைவுறாமல் நின்ற பெரிய ஃபியூக் ஒன்றில் முதலில் ஒரு வரி நிதானமாக நடக்கிறது. இரண்டாவது வரி ஓடுகிறது. இரண்டும் கலக்கின்றன. மூன்றாவதாக வருவது அவர் பெயர். ஜெர்மானியர் சுரங்களுக்கு இடும் எழுத்துகளில் பி, ஏ, சி, ஹெச் நான்கும் சுரங்கள். 'சி'யை ஸட்ஜமாக வைத்து நம் கணக்கில் சொன்னால் நி–த–ஸ–நி. முதல் நிஷாதம் கைசிகி, கடைசி நிஷாதம் காகலி. ஒரே மூச்சில் இரண்டு நிஷாதமும். அரைச் சுரம் இறங்கி, தாவி, அரைச் சுரம் இறங்கும் அந்த நெருக்கடியான வரியைக் கொண்டு ஒரு ஃபியூக் கட்டி, மூன்று வரிகளையும் ஒன்றாகச் சேர்த்த சற்று நேரத்தில், 239-ஆம் தாளக்கட்டில், கைப்பிரதி நின்றுவிடுகிறது. தன் பெயர் வந்த இடத்தில் ஆசிரியர் காலமானார் என்று மகன் எமானுவேல் குறிப்பு எழுதினார். உருக்கமான வாக்கியம். ஆனால் அந்தத் தாளின் கையெழுத்து சாவதற்குப் பல மாதம் முந்தியது என்கிறார்கள். வேறெதற்கோ எழுந்து போயிருக்கிறார்.

வித்தியாசமாக ஒன்று இருக்கிறது. அந்த 239 கட்டுகளில் தொகுதியின் மூலவரி வரவேயில்லை. அதனால் இது இந்தத் தொகுதியைச் சேர்ந்ததுதானா என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 1881-இல் குஸ்தாவ் நோட்டபோம் என்ற ஆய்வாளர் மூன்று வரிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, நான்காவதாக மூலவரியை வைத்துப் பார்த்தார். உட்கார்ந்துகொண்டது. மூன்றும் அதற்கு இடம் விட்டுத்தான் எழுதப்பட்டிருந்தன.

பலர் அதை எழுதி முடித்திருக்கிறார்கள். 1751-இல் அச்சிட்டவர்கள் வாங்குவோருக்கு ஈடுகட்ட ஒரு ஞானப்பாட்டு முன்னிசையைப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். நான் வைத்திருக்கும் பதிவில் வாசிப்பவர் 239-இலேயே கையை எடுத்துவிடுகிறார். மற்றக் குரல்கள் ஓய, ஒரு குரல் மட்டும் இரண்டடி ஓடி நின்றுபோகும். பிறகு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் சத்தம்தான் கேட்கும்.

ஒருநாள் பிளேயரில் 'ரிப்பீட்' அழுத்தியிருந்ததை மறந்துவிட்டேன். நின்று, நாலைந்து நொடி அமைதிக்குப் பிறகு, தட்டு தானாக முதலுக்குப் போனது. முதல் ஃபியூக். அது தொடங்குவது ஒற்றைக் குரலில், துணை இல்லாமல், பன்னிரண்டு சுரம்.